பிளாக் கீஸ் புது ஆல்பத்தில் டேன் ஆவர்பாக்கின் குரல் வளர்ந்திருக்கிறதா?

அமெரிக்க ராக் இரட்டையர் பிளாக் கீஸின், 2025இல் வந்த ‘நோ ரெயின், நோ ஃபிளவர்ஸ்’ பற்றித்தானே கேட்கிறீர்கள்? குரல் வளர்ந்தது உண்மை, ஆனால் அது 2010இலேயே நடந்துவிட்டது. 2002இல் பாடகர் டேனும் டிரம்ஸ் வாசிக்கும் பேட்ரிக் கார்னியும் வீட்டு நிலவறையில் பதிவு செய்தபோது, கித்தாரைப் போலவே குரலும் கரகரவென்று உடைந்துதான் வரும். 2010 ஆல்பமான ‘பிரதர்ஸ்’ முதல் பாட்டிலோ கள்ளக்குரலில், அதாவது மெல்லிய உச்சக்குரலில் (நம் பாகவதர்கள் முகம் சுளிப்பது) அழகாக இழுக்கிறார். புதியதில் குரல் வழவழப்பு, எனக்குக் கொஞ்சம் அதிகம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய குடும்பம் எங்களுடையது. அதனால் அவர்களின் 2004 ஆல்பம் ‘ரப்பர் ஃபேக்டரி’ மேல் தனிப் பாசம். பிளாக் கீஸின் ஊர் அமெரிக்காவின் அக்ரன், டயருக்குப் பேர்போனது. அங்கே மூடிக்கிடந்த டயர் தொழிற்சாலையில்தான் அந்த ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். முதலில் அதைக் கேளுங்கள், அப்புறம் புதியது.