ஆர்மோனியக்காரர் பதில்கள்

கேள்வி: சீன நாடகம் என்றாலே காதைப் பிளக்கும் தாளச் சத்தமும் முகம் நிறைய வண்ணமும்தானே ஐயா? அதைப் போய்ப் புகழ்கிறீர்களே!
– வாசகர், ஏர்வாடி

பதில்: நீங்கள் சொல்வது பெய்ஜிங் ஓபரா. நான் முன்பு புகழ்ந்தது குன்சூ என்ற சீன இசை நாடகத்தை. அதைவிட மூத்தது, சூசோ பக்கம் குன்ஷானில் பிறந்தது. 16-ஆம் நூற்றாண்டில் வெய் லியாங்ஃபூ அதன் பாட்டை இழைத்து இழைத்துச் சீராக்கினார். அந்தப் பாணிக்குப் பெயரே 'நீர்விட்டு அரைத்த மெட்டு'. ஆட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்து அரைத்த மாவை விரலால் தொட்டுப் பாருங்கள், அந்த வழவழப்பு. ஓர் எழுத்தை எடுத்தால் லேசில் கீழே வைக்க மாட்டார்கள்.

கப்பலில் வேலை பார்க்கும் என் மருமகன் லீவில் வந்தபோது செல்போனில் 'பியோனி மண்டபம்' காட்டினார். தாங் சியான்சூ 1598-ல் எழுதியது, 55 காட்சி. கனவில் கண்டவனை நினைத்து ஏங்கிச் செத்துப்போன பெண் அப்புறம் உயிரோடு எழுந்து வருகிறாள். நான் கதையை விட்டுவிட்டுப் பாட்டுக்குக் கூட வாசிக்கும் குழலையே கவனித்தேன். ஊதும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவே இன்னொரு துளை. அதன்மேல் நாணலின் உள்தோலை ஒட்டுகிறார்கள். சுரத்தோடு கூடவே ஒரு மெல்லிய அதிர்வு வருவது அதனால்தான். அந்தத் தோல் காலை வாரினால் வாசிப்பவர் பாடு என்னவாகும் என்று எனக்குத் தெரியும். தொண்டிப் பக்கம் ஒரு திருவிழாவில், உப்புக்காற்றில் களிம்பேறிய என் ஆர்மோனிய ரீடு ஒன்று வள்ளி வேடக்காரர் பாடும்போது ஊமையாகிவிட்டது. 5 கட்டைச் சுருதியில் நின்றிருந்த அந்தம்மா பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: நம் கடற்கரைப் பெரியபட்டினத்துக்கு அந்தக் காலத்தில் சீனர்கள் வந்தார்களே, நம் கூத்துதான் அங்கே போனதோ?
– வாசகர், கீழக்கரை

பதில்: அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தது உண்மை. ஓட்டை வைத்துக் கூத்தையும் கப்பலேற்ற வேண்டாம்.

கேள்வி: திருவிழா மேடையில் போடும் நம் ஸ்பெஷல் நாடகம் தேய்ந்துகொண்டே போகிறது. அவர்கள் மட்டும் எப்படிக் காப்பாற்றினார்கள்?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: குன்சூவும் படுத்துத்தான் கிடந்தது அம்மா. 1956-ல் 'பதினைந்து சரம் காசு' என்ற பழைய நாடகத்தைச் சுருக்கித் திருத்திப் பெய்ஜிங்கில் போட்டார்கள். ஒரே நாடகம் ஒரு கலையையே எழுப்பிவிட்டது என்று பேச்சானது. 2001-ல் யுனெஸ்கோ, காக்க வேண்டிய மரபுகள் என்று தன் முதல் பட்டியலில் 19-ஐச் சேர்த்தபோது குன்சூவும் இருந்தது, கேரளத்துக் கூடியாட்டமும் இருந்தது.

பட்டியல் கிடக்கட்டும். அந்தப் 'பதினைந்து சரம் காசு' நாடகத்தில் கொலைகாரன், 'எலி' என்று பட்டப்பெயர் வாங்கிய திருடன். மூக்கின்மேல் வெள்ளைப் பூச்சு, நம் பபூன் வகையறா. வழக்கை விசாரிக்கும் அதிகாரி மாறுவேடத்தில் குறி சொல்கிறவராக வந்து அவன் மனசைக் கிளறுகிறார். பயத்தில் பெஞ்சியிலிருந்து மல்லாக்க விழுகிறவன், அதன் அடியிலிருந்து எலி மாதிரியே தலையை நீட்டுகிறான். நம் பபூன் யாராவது பார்த்தால் மறுநாள் ராத்திரியே மேடையில் செய்துவிடுவார்.