மூடிப்போன கார் கம்பெனியின் தொழிற்சாலை வரலாற்றை எப்படிப் பாதுகாப்பது?

கேட்டவரிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அதைச் செய்த தொழிற்சாலை மூடிப் பல வருடம் ஆகிவிட்டதாம். அதன் வரலாற்றை ஆர்வலர்கள் நாலு பேர் சேர்ந்தால் காப்பாற்ற முடியுமா என்கிறார். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார். ஹெரால்டு கார் செய்தார்களே, அவர்கள்தான். அதை வைத்தே சொல்கிறேன்.

முடியும். ஆனால் கார் கண்காட்சி, பேரணி என்று அலைவதற்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர்களின் வீட்டுப் பரணைப் பாருங்கள். காரைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது. கோவையில் ஜி.டி. கார் மியூசியம் 2015 முதல் இருக்கிறது, தனியார் சேகரிப்பாளர்களும் நிறையப் பேர். காகிதத்துக்குத்தான் நாதி இல்லை.

என் அப்பா 1962-ல் அங்கே சேர்ந்து கடைசி வரை இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். பெரிய பதவி ஒன்றும் இல்லை. பெருங்களத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, டிபன் கேரியரோடு நடந்து போகிற கூட்டத்தில் ஒருவர். வண்டிக் கதவு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை.

இது ஒரு வேலையா என்று கேட்பீர்கள். ஹெரால்டின் பாடி ஒரே துண்டு கிடையாது. முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று தனித்தனியாக வந்து சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டு இறுக்குவது. வண்டி முதலில் இங்கிலாந்து ஸ்டாண்டர்டு கம்பெனியுடையது. அவர்களுக்கு பாடி அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி 1953-ல் வாங்கிவிட்டது. அப்புறம் முழு பாடி அடித்துத் தர ஆள் கிடைக்காமல், துண்டு துண்டாக வெவ்வேறு இடத்தில் அடித்துச் சேர்க்கிற மாதிரி வண்டியையே வடிவமைத்தார்கள். மிக்கெலாட்டி என்ற இத்தாலியர் வரைந்தது, 1959-ல் அங்கே வந்தது, 1961-ல் இங்கே. இவ்வளவும் புத்தகங்களில் இருக்கிறது. அந்தத் துண்டுகளை இங்கே சேர்க்கும்போது கதவு இடைவெளி ஒத்துவராமல் யார் தவித்தார்கள், எப்படிச் சமாளித்தார்கள் என்பது நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

பிரவுன் அட்டை போட்ட சின்ன நோட்டு. நாக்கில் தொட்டு எழுதுவார்களே, அந்த ஊதா பென்சில். இடது பக்கம் சேஸிஸ் எண்ணின் கடைசி நாலு இலக்கம். வலது பக்கம் ‘வ.க. தொங்கல். வாஷர் 2’, ‘இ.க. சரி’, ‘வ.க. மறுபடி’. வ.க. என்றால் வலது கதவு. வாஷர் என்றால் கதவு சரியாக உட்கார இடையில் வைக்கும் சின்னத் தகடு. வருடத்துக்கு மூன்று நான்கு நோட்டு ஆகும். எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால், ‘நாளைக்கு யாராவது கேட்டா?’ என்பார். யாரும் கேட்டதில்லை. கம்பெனி 1988-ல் மூடியது. அப்பா 2009-ல் காலமானார்.

2011-ல் தாம்பரம் வீட்டைக் காலி செய்தோம். சாமான் ஏற்ற வண்டி வாசலில் நிற்கிறது. பெட்டியில் பூச்சி. பழைய பேப்பர்காரரிடம் நான்தான் எடுத்துக் கொடுத்தேன், என் கையால். நியூஸ் பேப்பரோடு சேர்த்துத் தராசில் வைத்தார். தகரப் பெட்டிக்குத் தனி விலை, அதற்கு நான் பேரம் வேறு பேசினேன்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. மூன்று வருடம் முன்னால் திருச்சியிலிருந்து ஒரு தம்பி தேடிப் பிடித்துப் போன் செய்தான். 1969 மாடல் ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு. வண்டியைப் பிரித்துச் சரிசெய்துகொண்டிருந்தான். தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது என்ன நிறத்தில் இருந்தது என்று தெரிய வேண்டும். இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரில் செய்த ஹெரால்டு என்றால் கெய்டன் என்ற ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதிப் பணம் கட்டினால், பழைய பேரேட்டைப் பார்த்து, எந்தத் தேதியில் செய்தது, என்ன நிறம், எந்த டீலருக்குப் போனது என்று சான்றிதழே கொடுப்பார்கள். நம் ஊரில் செய்த வண்டிக்கு யாரிடம் போவான்? ‘அப்பா ஏதாவது எழுதி வச்சிருந்தாரா அங்கிள்?’ என்றான். ‘இல்லப்பா’ என்றேன். அன்றைக்குப் பொய் சொன்னதை இங்கேதான் முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

‘கோட்டா காலத்து டப்பா வண்டி, மாருதி 1983-ல் வந்ததும் ஊதித் தள்ளியது, இதற்கு வரலாறு வேறா’ என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறீர்கள். எழுதுங்கள். கம்பெனி ஏன் மூழ்கியது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. 1985-ல் ரோவர் எஸ்டி1 வண்டியின் உடம்புக்குள் வான்கார்டு என்ற பழைய ஸ்டாண்டர்டு கார் வம்சத்து இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றார்கள், அது ஓடவில்லை, எனக்கும் தெரியும். ஆனால் தோற்றுப்போன தொழிற்சாலையிலும் கதவு ஒழுங்காக மூட வேண்டும் என்று ஒரு ஆள் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார் இல்லையா? அதைத்தான் பேசுகிறேன். இன்னொரு வேடிக்கை, மூடிய பிறகு மிச்சமிருந்த ரோவர் உதிரிபாகங்களை இங்கிலாந்து வியாபாரி ஒருவர் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார். பாகத்துக்கு விலை இருந்தது.

ஆபீஸ் ஆவணங்களை நம்பாதீர்கள். கம்பெனியைச் சட்டப்படி கலைத்து 5 வருடம் ஆகிவிட்டால் அதன் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்கும் பொறுப்பு, கலைக்கிற வேலையைப் பார்த்த லிக்விடேட்டருக்கு இல்லை, கம்பெனிச் சட்டமே அப்படித்தான் இருக்கிறது. ஆகவே மிச்சம் வீடுகளில்தான். ஹெரால்டு காலத்து ஆட்களுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது.

போகும்போது ‘அந்தக் காலத்துல வேலை எப்படி இருந்தது சார்’ என்று கேட்காதீர்கள். ‘நல்லா இருந்தது’ என்பதோடு முடிந்துவிடும். கையில் ஒரு பாகத்தைக் கொண்டு போங்கள். அப்பாவோடு வேலை பார்த்த மாமா ஒருவரிடம் ஹெரால்டு கதவுக் கீல் ஒன்றைக் கொடுத்தேன். என் பெயரே அவருக்கு ஞாபகம் வரவில்லை. கீலைத் திருப்பி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, ‘இங்க ஒரு தகடு வைப்போமே, எங்க அது?’ என்றார். அப்புறம் ஒன்றேகால் மணி நேரம் நிறுத்தவே இல்லை. போனில் பதிவு செய்துகொண்டேன். மின்விசிறியை நிறுத்தாமல் விட்டதால் பாதி கேட்கவில்லை. நீங்கள் நிறுத்திவிடுங்கள்.

படம் கிடைத்தால் யார் யார் என்று உடனே கேட்டு, பின்னால் பென்சிலால் லேசாக எழுதுங்கள். பேனா வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றிவிடுங்கள். பசை ஆல்பத்தில் ஒட்டாதீர்கள். ஸ்கேன் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுங்கள், அப்போதுதான் அடுத்த வீட்டுக் கதவு திறக்கும். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். சூடு வைத்து ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது. இதில் எனக்குத் தனி வயிற்றெரிச்சல் உண்டு. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை ஆசையாக லேமினேட் செய்து வைத்திருந்தோம். ஒரு அரசு அலுவலகத்தில், பின்பக்கம் முத்திரை குத்த முடியாது, டூப்ளிகேட் வாங்கி வா என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்காக ஏழு மாதம் நடந்தேன். அதே அலுவலக வாசலில்தான் ‘இங்கு லேமினேஷன் செய்யப்படும்’ என்று கடை. சரி, விடுங்கள்.

சேர்த்ததை ஒரே ஆர்வலர் வீட்டில் வைக்காதீர்கள், அவருக்கும் ஒரு மகன் இருப்பான், என்னைப் போல. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் ஸ்டூடிபேக்கர் கம்பெனி சவுத் பெண்ட் தொழிற்சாலையை 1963 டிசம்பரில் மூடியது. இன்றைக்கும் அந்த ஊர் மியூசியத்துக்கு எழுதினால் உங்கள் வண்டியின் உற்பத்தி ஆணை, அதாவது அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று தொழிற்சாலையில் எழுதிய தாள், நகலாகக் கிடைக்கும். அங்கே பணம் இருந்தது என்பீர்கள். பெட்டியைத் தூக்கி எறியாமல் இருக்கப் பணம் தேவைப்பட்டிருக்காது, அதை நான் சொல்லலாம்.

ஒரே ஒரு நோட்டு தப்பியது. 1974-ம் வருடத்தது, ஹெரால்டு போய் கெஸல் என்ற அடுத்த மாடல் வந்த பிறகு எழுதியது. பின்பக்கத்திலிருந்து அம்மா பால் கணக்கு எழுதியிருந்ததால் அது சமையலறை அலமாரியிலேயே இருந்துவிட்டது. ஸ்கேன் எடுத்து வைத்திருக்கிறேன், பால் கணக்கோடு சேர்த்து. அந்த வருடத்து கெஸல் யாரிடமாவது இருந்தால் சேஸிஸ் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை அனுப்புங்கள். நோட்டில் இருந்தால் எந்தக் கதவுக்கு எத்தனை வாஷர் வைத்தார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.