ஊசி போட்ட பிறகு ஆளே மாறிவிட்டார்

கேள்வி: என் கணவருக்கு 66 வயது. புரோஸ்டேட் புற்றுநோய். கதிர்வீச்சு முடிந்து, இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் ஊசி போடுகிறார்கள். நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டி எழுந்து உட்காருகிறார். எதற்கெடுத்தாலும் எரிச்சல். என் பக்கம் திரும்புவதே இல்லை. தெம்பு வரும் என்று நண்பர் ஒருவர் தொங்காட் அலி காப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா?
- பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்: கொடுக்க வேண்டாம், சகோதரி. ஆண் ஹார்மோனைக் கூட்டும் என்று சொல்லித்தான் அந்தக் காப்பியை விற்கிறார்கள். உங்கள் கணவருக்குப் போடும் ஊசியின் வேலையே அந்த ஹார்மோனை அடக்குவது.

புரோஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஆண் ஹார்மோனை நம்பி வளர்வது. இதை 1941-இல் நிரூபித்த சார்ல்ஸ் ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசே கிடைத்தது. இந்த ஹார்மோனைச் சுரக்கும் விதைகளுக்கு மூளையிலிருந்து போகும் உத்தரவை ஊசி நிறுத்திவிடுகிறது. பெரும்பாலான ஊசிகளில் முதல் ஓரிரு வாரம் ஹார்மோன் கொஞ்சம் ஏறும். அதைச் சமாளிக்கத்தான் தொடக்கத்தில் மாத்திரையும் கொடுப்பார்கள். ஒரு மாதத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 1.7 நானோமோலுக்கும் கீழே இறங்கிவிடும். ஊசி இல்லாத ஆணுக்கு அது பத்து, இருபது என்று இருக்கும்.

அந்த வியர்வை உங்களுக்குப் புதிதாக இருக்காது. மாதவிலக்கு நின்ற காலத்தில் பெண்களுக்கு வரும் அதே சூடுதான். எரிச்சலும் சோர்வும் கூடவே வரும். ஆசை குறைவது மட்டுமில்லை, பலருக்கு எழுவதே இல்லை. உங்கள் மேல் வெறுப்பு என்று நினைத்து மருகாதீர்கள். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருக்கலாம், நம் ஆண்களைத் தெரியாதா! அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்ட இன்னொருவரோடு ஒப்பிடவும் வேண்டாம். புரோஸ்டேட்டை எடுத்தாலும் இந்த ஹார்மோன் குறையாது.

வெளியே தெரியாத சேதம்தான் எனக்குக் கவலை. எலும்பு தேயும், தசை கரையும், தொப்பை போடும், இனிப்பு நீர் எட்டிப் பார்க்கும். தீத்திவங்சா ஏரியைச் சுற்றி நடப்பது நல்லது, ஆனால் நடை மட்டும் போதாது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு லேசான எடை தூக்கும் பயிற்சியும் செய்யட்டும். எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். இரவுச் சூட்டைக் குறைக்க மருந்து உண்டு. பேச்சே நின்று, சாப்பாடும் தூக்கமும் கெட்டால் அடுத்த தவணைவரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்கும்போது சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு இரண்டு மூன்று வருடம் போகும். அடுத்த முறை கூடவே போய், இன்னும் எத்தனை ஊசி பாக்கி என்று கேளுங்கள். கடைசி ஊசிக்குப் பிறகும் ஹார்மோன் திரும்பப் பல மாதம் ஆகும். இந்த வயதில் சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. அதையும் இருவரும் சேர்ந்தே கேட்டுக்கொள்ளுங்கள்.