தைவானில் காப்பீட்டு அட்டை, நம் ஊரில் ரேஷன் அட்டை: கோவிட் கால கேள்வி பதில்

மதுரை வாசகர்: சார், காப்பீடு என்றால் ஆஸ்பத்திரி பில்லுக்குத்தானே? பெருந்தொற்றில் அதற்கு வேறென்ன வேலை?

பில் கட்டுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் நிறைய இருக்கிறது, தைவானைப் பாருங்கள். 1995 மார்ச் 1-இல் தொடங்கிய தேசியக் காப்பீட்டில், 2.3 கோடி மக்களில் 99 சதவீதத்துக்கு மேல் இருக்கிறார்கள். ஏழை, பணக்காரர் எல்லோர் கையிலும் சிப் வைத்த ஒரே மாதிரி அட்டை. 2020 ஜனவரி 27-இல் காப்பீட்டுத் தரவோடு குடிவரவுத் துறையின் பயணப் பதிவை இணைத்தார்கள். காய்ச்சல் என்று வந்தவர் அட்டையைக் கொடுத்தால், 14 நாளுக்குள் வூஹான் போய் வந்தவரா என்பது டாக்டரின் திரையில் தெரிந்துவிடும். அவர் பயந்து மறைத்தாலும் சரி, தனியே உட்கார வைத்துவிடலாம்.

கோவை வாசகி: அந்த அட்டைக்கு முகக்கவசமும் கொடுத்தார்களாமே?

ஆமாம்மா, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பிப்ரவரி 6 முதல் காப்பீட்டோடு ஒப்பந்தம் உள்ள மருந்துக்கடைகளில் விற்றார்கள். ஆளுக்கு வாரம் 2. ஒன்று 5 தைவான் டாலர். அடையாள எண் ஒற்றைப்படையில் முடிந்தால் திங்கள், புதன், வெள்ளி, இரட்டைப்படை என்றால் செவ்வாய், வியாழன், சனி. ஞாயிறு மட்டும் எல்லோருக்கும். கடைக்காரர் அட்டையைச் செருகிப் பார்ப்பார். அதே வாரம் வேறு கடையில் வாங்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பதுக்க வழியில்லை. எந்தக் கடையில் எவ்வளவு இருப்பு என்ற கணக்கையும் அரசு வெளியிட்டது. அதை வைத்துத் தன்னார்வலர்கள் வரைபடமே போட்டுவிட்டார்கள். உற்பத்தி கூடக்கூட அளவும் ஏறியது: பெரியவர்களுக்கு மார்ச் 5-இலிருந்து வாரத்துக்கு 3, ஏப்ரல் 9-இலிருந்து இரண்டு வாரத்துக்கு 9.

சிங்கப்பூர் வாசகர்: வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கு?

காப்பீட்டு அட்டையோ குடியிருப்பு அட்டையோ இருந்தால் கிடைத்தது.

சென்னை வாசகி: என் மருத்துவ விவரம் முழுக்க அரசு கையில் என்றால் பயமாக இருக்கிறது, அண்ணா.

நியாயமான பயம். 2022 ஆகஸ்டில் தைவானின் அரசியல் சாசன நீதிமன்றமே, காப்பீட்டுத் தரவை ஆய்வுகளுக்குக் கொடுப்பதில் 'என் விவரம் வேண்டாம்' என்று விலக வழியில்லாதது தவறு என்றது. சட்டத்தைத் திருத்த 3 வருடம் கொடுத்தது. இந்தக் காவல் முதலிலேயே இருந்திருக்க வேண்டும்.

திருநெல்வேலி வாசகர்: நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏன் இப்படிச் செய்யவில்லை?

அது வருமான வரம்புக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, பெரும்பாலும் உள்நோயாளி சிகிச்சைக்கு. சளி, காய்ச்சலுக்கு கிளினிக் போகிறவர் அதன் கண்ணில் படவே மாட்டார். பணத்துக்கு உதவியது, அது சின்ன விஷயமில்லை: 2021 மே 7-இல் பதவியேற்ற அன்றே முதல்வர் ஸ்டாலின் கையெழுத்திட்ட ஐந்து உத்தரவுகளில் ஒன்று, தனியார் மருத்துவமனையில் கோவிட் சிகிச்சைச் செலவை இந்தத் திட்டத்தில் ஏற்பது. ஆனால் வீடு வீடாகப் போய்ச் சேரும் வேலையை நமக்குச் செய்தது ரேஷன் அட்டைதான். 2020 ஏப்ரலில் 1,000 ரூபாய், அப்புறம் துணி முகக்கவசம், எல்லாம் அந்தக் கடை வழியாகத்தான் வந்தன. தேதியும் நேரமும் போட்ட டோக்கன் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்குமே?

சேலம் வாசகி: நாங்கள் இன்னும் காப்பீட்டு அட்டை எடுக்கவில்லை.

தள்ளிப்போடாதீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு சான்றுக்கு அலைவது பெரிய கொடுமை.