மாங்குளம் மலையில் மெய்நிகர் வகுப்பு: வாசகர் கேள்வி–பதில்

கே: ஐயா, மேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆன்லைனில் வரலாறு எடுக்கிறேன். ஸூமில் பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். "செகண்ட் லைஃப் மாதிரி மெய்நிகர் உலகத்துல எடுங்க மாமா" என்கிறான் என் தங்கை மகன். கண்ணில் மாட்டும் வி.ஆர். ஹெட்செட் வாங்க வசதியில்லை. சரிப்படுமா?

ப: ஹெட்செட் தேவையில்லை. செகண்ட் லைஃப் 2003-இல் வந்ததே சாதாரணக் கணினித் திரைக்குத்தான். ஆனால் கையில் போன் மட்டும் உள்ள பிள்ளைகள் சிரமப்படுவார்கள். எத்தனை பேரிடம் மடிக்கணினி இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே போயும் பெஞ்சு போட்டு, பலகை மாட்டி, பவர்பாயிண்ட் ஓட்டாதீர்கள். திரையில் மாணவனுக்குப் பதிலாக நிற்கும் பொம்மை, அதாவது அவதார், வரிசையில் உட்கார்ந்திருக்கும்; ஆள் டீக்கடையில் இருப்பான். நின்று பார்க்கவேண்டிய இடமாகப் பார்த்துக் கட்டுங்கள். உங்களுக்குத்தான் மாங்குளம் பக்கத்திலேயே இருக்கிறதே! பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டு குகைத்தளப் பாறையின் நெற்றியில் இருக்கிறது. நேரில் ஒரு வகுப்பையே ஏற்றிக் கூட்டிப்போனாலும் முன்னால் நிற்பவர்கள்தான் எழுத்தைப் பார்ப்பார்கள். மெய்நிகர் குகையில் ஒவ்வொருவரும் தம் திரைக்குக் காட்சி தரும் கேமராவை எழுத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோகலாம்.

கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். கேமரா அவதாருக்குப் பின்னால், தலைக்குச் சற்று மேலே மிதக்கும். குகையை நிஜ உயரத்தில் செய்தால் அது பாறையில் இடித்துக்கொண்டே இருக்கும். கூரையைத் தாராளமாக உயர்த்துங்கள். அளவுச் சுத்தம் பார்க்கும் தொல்லியல்காரர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எழுத்தின் அளவில் மட்டும் கைவைக்காதீர்கள்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது, தட்டச்சு செய்யும் பேச்சு 20 மீட்டருக்குள் நிற்பவர்களுக்கு மட்டுமே தெரியும் என்பதுதான். குழு பிரிக்கத் தனிப் பொத்தானே வேண்டாம். "நீங்க நாலு பேர் அந்தக் கற்படுக்கைக்குப் போங்க, நீங்க சுனைப் பக்கம்" என்றால் முடிந்தது. நீங்களும் மெல்ல நடந்துபோய் ஒட்டுக்கேட்கலாம். ஸூமில் நீங்கள் நுழைந்ததும் கப்சிப் ஆகிறவர்கள் இங்கே பேசிக்கொண்டே இருப்பார்கள்.

செகண்ட் லைஃபில் குகை அமைக்கும் மெய்நிகர் நிலத்துக்கு மாதாமாதம் டாலரில் பணம் கட்டவேண்டும். அதே பாணியில் இயங்கும் ஓப்பன்சிமுலேட்டர் மென்பொருள் இலவசம், கல்லூரி சர்வரிலேயே நிறுவலாம். அதில் கட்டிய குகையை அப்படியே ஓ.ஏ.ஆர். (OAR) என்ற ஒரே கோப்பாகச் சேமித்து பென்டிரைவில் போட்டுவையுங்கள். மைக்ரோசாஃப்டின் மெய்நிகர் உலகமான ஆல்ட்ஸ்பேஸ் 2023-இல் மூடப்பட்டது. மறு ஆண்டே மொசில்லாவும் அதே மாதிரியான தன் ஹப்ஸ் சேவையை நிறுத்தியது. அடுத்தவன் நிலத்தில் குகை வெட்டினால் இந்த ஆபத்து உண்டு.

கே: வீட்டிலிருந்தே டேலி என்ற கணக்கு மென்பொருளைச் சொல்லித்தருகிறேன். நானும் இப்படி மாறலாமா? (திருமங்கலம் வாசகி)

ப: வேண்டாம்மா. வவுச்சர் போட அவதார் எதற்கு? ஸூமே போதும். நீங்களே திரையைக் காட்டிக்கொண்டிருக்காமல், ஆளுக்கு ஒரு பதிவாக அவர்கள் திரையைப் பகிர்ந்து போடச் சொல்லுங்கள்.