தேர்வான பிறகும் கல்லூரிக்கா?

கேள்வி: வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.-இன் 2021 டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாகத் தேர்வான ஓவன் பவர் உடனே ஆடப் போகாமல் கல்லூரிக்கே திரும்பினாராமே, ஏன்?
- வாசகர், திருச்சி

பதில்: ஐஸ் ஹாக்கியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான். டிராஃப்டில் பெயர் வந்தால் படிப்பை விட வேண்டியதில்லை. ஒப்பந்தம் போடும் உரிமை தேர்ந்தெடுத்த அணியிடம் இருக்கும். பையன் கல்லூரி அணியிலேயே ஆடலாம். கையெழுத்துப் போட்டால்தான் கல்லூரி ஆட்டம் முடியும்.

பவர், 6 அடி 6 அங்குல உயரத் தடுப்பாட்டக்காரர், மிச்சிகன் பல்கலைக்கழகம். அவரை எடுத்தது பஃபலோ. அடுத்த இடத்தில் அதே மிச்சிகன் அணியின் மாட்டி பெனியர்ஸ், புத்தம்புது சியாட்டில் அணிக்கு. ஐந்தாவது கென்ட் ஜான்சன், அவரும் மிச்சிகன்தான்! நாலாவதாகப் போன லூக் ஹியூஸும் அந்த ஆண்டே அங்கு வந்து சேர்ந்தார்.

நால்வரும் கோடிகளைத் தள்ளிவைத்துவிட்டு, 1923-ல் கட்டிய மிச்சிகனின் யோஸ்ட் அரங்கில் அந்த சீசனை ஆடினார்கள். கல்லூரி அணிகளுக்கான தேசியக் கோப்பைக்காகத்தான். 2022 ஏப்ரலில் பாஸ்டனில் அரையிறுதி. ஓவர்டைமில் டென்வர் பல்கலைக்கழக அணி 3-2 என்று முடித்துவிட்டது. எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

அதே மாதம் பவர் பஃபலோ சட்டையில் இறங்கினார். பெனியர்ஸ் அடுத்த சீசனில் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வாங்கினார்.