கறுத்த கத்தாழையும் உங்கள் மகளின் லேப்டாப்பும்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், நீட் கைகொடுக்கவில்லை, இன்னொரு வருஷம் கோச்சிங் போ என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தால் ஏதோ வெளிநாட்டு மியூசியத்தின் வண்டுப் படமும் மண்டையோட்டுப் படமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், "இதையெல்லாம் பார்த்தால் சோறு கிடைக்குமா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்த்தால் மட்டும் கிடைக்காது. ஆனால் திட்டுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அவள் பார்ப்பது கண்காட்சியா, கிடங்கா?

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை வீட்டில் உட்கார்ந்தே அறை அறையாகச் சுற்றிப் பார்க்கலாம், அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த கூடம் வரும், யானை வரும், டைனோசர் வரும். நன்றாகத்தான் இருக்கும், நானே ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதில் தொலைத்திருக்கிறேன். ஆனால் அது கடைத்தெருவில் நடக்கிற மாதிரி. கண்ணாடிக்குள் வைத்திருப்பது ஒரு சிட்டிகைதான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திடம் சுமார் 8 கோடி மாதிரிகள் இருக்கின்றன, வாஷிங்டனில் 14 கோடிக்கும் மேல். அத்தனையும் இழுப்பறையிலும் ஸ்பிரிட் ஜாடியிலும் அட்டைப்பெட்டியிலும் கிடக்கின்றன, ஒவ்வொன்றோடும் ஒரு சின்னச் சீட்டு: என்ன உயிர், எங்கே கிடைத்தது, எந்தத் தேதி, யார் பிடித்தது. அந்தச் சீட்டுகளைத்தான் இப்போது உலகம் முழுக்கக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மகள் அந்தச் சீட்டுகள் வரைக்கும் போய்விட்டாள் என்றால் எனக்குப் பாதி கவலை போய்விடும்.

இன்று ராத்திரி திட்டாமல் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். ஜி.பி.ஐ.எஃப். என்று ஒரு தளம் இருக்கிறது. கோபன்ஹேகனில் இருந்து நடத்துகிறார்கள், பைசா செலவில்லை. உலகத்து மியூசியங்களும் பறவை பார்ப்பவர்களும் கொடுத்த 300 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் இருக்கின்றன. அதில் கெடாமல் பாடம் செய்து வைத்த மாதிரிகளை மட்டும் காட்டச் சொல்லி வடிகட்டிவிட்டு, நம் பக்கத்து ஊர்ப் பெயரைத் தேடச் சொல்லுங்கள். தரங்கம்பாடி என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள், ட்ராங்கிபார் என்று டேனிஷ்காரன் எழுதிய எழுத்தில்தான் தேட வேண்டும். பரங்கிப்பேட்டைக்கு போர்ட்டோ நோவோ. கோடியக்கரைக்கு பாயின்ட் காலிமர். உங்கள் சீர்காழிக்கு ஷியாளி.

இங்கேதான் உங்கள் மகளுக்கு ஒரு மூலதனம் இருக்கிறது, அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். நூறு வருஷத்துச் சீட்டில் கிறுக்கல் கையெழுத்தில் ஷியாளி என்று இருந்தால், லண்டனில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவருக்கு அது ஊரா, ஆறா, ஆளின் பெயரா என்றே புரியாது. இவளுக்கு ஒரு நிமிஷம். அட்சரேகை தீர்க்கரேகையோடு வரைபடத்தில் குறித்தே கொடுத்துவிடுவாள்.

அப்புறம் அவளிடம் கத்தாழை மீனைப் பற்றிக் கேளுங்கள். ஆமாம், நீங்கள் குழம்பு வைக்கிற அதே கத்தாழைதான். 1700களின் கடைசியில் தரங்கம்பாடி மிஷனில் ஜான் என்று ஒரு பாதிரியார் இருந்தார், நம் கரையில் கிடைத்த மீன்களைப் பாடம் செய்து பெர்லினில் இருந்த ப்ளாக் என்ற மருத்துவருக்குக் கப்பலில் அனுப்பினார். ப்ளாக் 1793இல் அதில் ஒரு வகைக்கு அந்தப் பாதிரியாரின் பெயரையே வைத்தார், ஜானியஸ் என்று. முழுப்பெயர் ஜானியஸ் கருட்டா. அந்தக் கருட்டா எங்கிருந்து வந்தது என்கிறீர்கள்? கறுத்த கத்தாழையில் இருக்கிற நம்ம 'கறுத்த'தான். கரையில் யாரோ ஒருவர் வாயால் சொன்ன பெயர், லத்தீன் சட்டை போட்டுக்கொண்டு உலகம் முழுக்க இருக்கும் மீன் புத்தகங்களில் உட்கார்ந்திருக்கிறது. ப்ளாக்கின் மீன் தொகுப்பு இன்றும் பெர்லின் மியூசியத்தில் இருக்கிறது. பாண்டிச்சேரி சுறா என்று இன்னொன்று, 1839இல் விவரிக்கப்பட்டது. உலக மியூசியங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அதற்கு இருபது மாதிரிகூடத் தேறாது. அந்த ஜாடிகள் இல்லையென்றால் அப்படி ஒரு சுறா நம் கடலில் இருந்தது என்பதற்கே சாட்சி கிடையாது.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே, "செத்த பூச்சியைச் சேர்த்து வைத்து யாருக்கு என்ன லாபம்?" நியாயமான கேள்விதான். பிரிட்டனில் பொரி வல்லூறுகளின் முட்டைகள் கூட்டிலேயே உடைந்துபோய்க்கொண்டிருந்தன, ஏனென்று யாருக்கும் புரியவில்லை. ராட்க்ளிஃப் என்ற ஆய்வாளர் பழைய தொகுப்புகளில் இருந்த முட்டை ஓடுகளையெல்லாம் எடுத்து அளந்து எடை போட்டுப் பார்த்தார். 1940களின் நடுப்பகுதி வரை சீராக இருந்த ஓடு அதற்குப் பிறகு திடீரென்று மெலிந்திருந்தது. வயலில் டி.டி.டி. என்ற பூச்சிமருந்து புழக்கத்துக்கு வந்த காலம் அது. 1967இல் அதை வெளியிட்டார், பிற்பாடு பல நாடுகள் அந்த மருந்துக்குத் தடை போட்டதில் இந்த ஓடுகளுக்கும் பங்கு உண்டு. முட்டையைச் சேர்த்தவர்கள் பூச்சிமருந்தைக் கனவிலும் நினைத்தவர்கள் இல்லை, பொழுதுபோக்குக்காகச் சேர்த்தவர்கள். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குப் படிப்பு வழி சொல்லும் இந்த வேலைக்கு நான் வந்த புதிதில் தீப்பெட்டிகளில் வண்டு சேர்க்கிற பையன் ஒருவனை அவன் அப்பா அழைத்து வந்தார். நான் இரண்டு நிமிஷம் யோசித்து பி.காம் சேருங்கள் என்றேன். சேர்ந்தான், முடித்தான், இப்போது ஒரு கணக்கு அலுவலகத்தில் இருக்கிறான், குறை ஒன்றும் சொல்லமாட்டான். ஆனால் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் அன்று அந்தப் பெட்டிகளைத் திறந்துகூட நான் பார்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோடை விடுமுறை இருக்கிறது, கல்லூரி திறக்கும் வரை அவளுக்கு இரண்டு வேலை கொடுங்கள். முதலாவது, ஸூனிவர்ஸ் என்ற தளத்தில் நோட்ஸ் ஃப்ரம் நேச்சர் என்று ஒரு திட்டம் 2013 முதல் நடக்கிறது. மியூசியச் சீட்டின் படத்தைக் காட்டுவார்கள், பார்த்துப் படித்துத் தட்டச்சு செய்ய வேண்டும், பட்டம் எதுவும் கேட்கமாட்டார்கள். சம்பளமும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்மித்சோனியனிலும் இதே மாதிரி படியெடுக்கும் பணி உண்டு. ஒரு மாதம் இதைச் செய்தால் ஒன்று தெரிந்துவிடும், அவளுக்குப் பிடித்திருப்பது அழகான வண்டுப் படமா, அல்லது அந்த வண்டைப் பற்றிய சலிப்பூட்டும் வேலையுமா. முதலாவது மட்டும்தான் என்றால் இது அவளுக்குப் பொழுதுபோக்காகவே இருக்கட்டும், தப்பில்லை.

இரண்டாவது கொஞ்சம் கஷ்டம். ஜி.பி.ஐ.எஃப்.இல் ஏதாவது ஒரு பல்லியையோ நத்தையையோ எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுப் பதிவுகளை எக்செல்லில் இறக்கச் சொல்லுங்கள். அதில் கண்டிப்பாகக் கோளாறு இருக்கும். தரையில் வாழும் பல்லி வங்காள விரிகுடா நடுவில் புள்ளியாக இருக்கும், தேதிக்கும் மாதத்துக்கும் இடம் மாறியிருக்கும், ஒரே ஊர் நாலு எழுத்தில் இருக்கும். அதையெல்லாம் கண்டுபிடித்து, ஏன் தப்பு என்று பக்கத்துக் கட்டத்தில் ஒரு வரி எழுத வேண்டும். ஐம்பது வரிசை போதும். இப்படி டேட்டாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவருக்கு மியூசியம் இல்லாவிட்டாலும் வேறு இடத்தில் வேலை உண்டு, ஆராய்ச்சித் திட்டங்களிலும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்களிலும் இதற்குத்தான் ஆள் தேடுகிறார்கள். மண்டையோடு பிடிக்கும் என்றால் மார்ஃபோசோர்ஸ் தளத்தையும் பார்க்கட்டும். அமெரிக்க மியூசியங்கள் சேர்ந்து 13,000க்கும் மேற்பட்ட முதுகெலும்பிகளை சி.டி. ஸ்கேன் எடுத்து அங்கே போட்டிருக்கிறார்கள். பாம்பின் எலும்பைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

இனி வேலை. ஒளிக்காமல் சொல்கிறேன், தமிழ்நாட்டில் மியூசியத்துக்குள் நிரந்தர வேலை என்பது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அரசு அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் பணியிடம் காலியானால் டிஎன்பிஎஸ்சி அறிவிக்கும், எப்போது என்று நம்பி உட்கார முடியாது. இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்குச் சென்னையிலும் தாவரவியல் ஆய்வகத்துக்குக் கோவையிலும் மையங்கள் இருக்கின்றன, அங்கே பெரும்பாலும் திட்ட வேலை, இரண்டு மூன்று வருஷம், பிறகு அடுத்த திட்டம். இளங்கலை, முதுகலை, அதற்குப் பிறகு ஆராய்ச்சிக்கும் கல்லூரி ஆசிரியர் வேலைக்குமான நெட் தேர்வு என்று போனால் கையில் ஓரளவு நிலையான காசு பார்க்க இருபத்தைந்து வயது தாண்டும். அது வரைக்கும் வீடு தாங்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொல்ல முடியாது. தாங்காது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. விலங்கியல் பட்டத்தோடு இந்திய வனப்பணித் தேர்வு எழுதலாம், டிஎன்பிஎஸ்சியில் வனத்தொழில் பழகுநர் தேர்வு எழுதலாம், பி.எட். முடித்து ஆசிரியராகலாம்.

படிப்புக்கு நீங்கள் தூரம் போகவே வேண்டாம், உங்கள் ஊரின் அதிர்ஷ்டம் அது. பி.எஸ்சி. விலங்கியல் மயிலாடுதுறை பக்கத்திலேயே படிக்கலாம். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுகலை இருக்கிறது, பஸ்ஸில் போய்த் திரும்பலாம். கொள்ளிடம் தாண்டினால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். அங்கே கடல் உயிரினங்களைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு ஒருநாள் அழைத்துப் போங்கள், திரையில் பார்த்த ஜாடியை நேரில் பார்க்கட்டும், அந்த ஸ்பிரிட் வாடையும் மூக்கில் ஏறட்டும், வாடை பிடிக்காமல் ஓடி வந்தவர்களை எனக்குத் தெரியும். உடனே வேலை முக்கியம் என்றால் மீன்வள அறிவியல் பட்டம் பாருங்கள், தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் நாகப்பட்டினம், நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். என் கணக்கில் உங்கள் வீட்டு நிலைமைக்கு இதுதான் முதல் விண்ணப்பம், விலங்கியல் இரண்டாவது. அவளுக்கு இது கசக்கலாம். ஆனால் மீனின் செதிலை எண்ணி வகை பிரிக்கிற பாடம் அங்கேயும் உண்டு என்று சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. அவள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் காய்ந்த கடற்குதிரை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடற்குதிரை வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம், கரையில் செத்துக் கிடந்தது என்றாலும் வீட்டில் வைத்திருப்பது சிக்கல்தான், சில சங்கு வகைகளும் அப்படியே. வனத்துறையிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். இனிமேல் எதையும் எடுக்காமல் போட்டோ எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இடம் தேதியோடு போடட்டும், பெயர் உறுதியான பதிவுகள் அங்கிருந்து ஜி.பி.ஐ.எஃப்.க்கும் போய்ச் சேரும். இன்னொன்று, மியூசியம் சர்டிபிகேட், கடல் உயிரியல் டிப்ளமோ, பத்து நாள் ஆன்லைன், ஐயாயிரம் ரூபாய் என்று யாராவது வந்தால் காசு கட்டாதீர்கள். நான் மேலே சொன்ன தளம் ஒன்றுகூடக் காசு கேட்காது.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஆபீஸில்தான் இருப்பேன். அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், அந்த ஐம்பது வரிசை எக்செல்லைப் பென்டிரைவில் கொண்டுவரச் சொல்லுங்கள். முடிக்காமல் முப்பதில் நின்றிருந்தாலும் பரவாயில்லை, எங்கே நின்றாள் என்று பார்த்துக்கொண்டே பேசலாம். அப்பாவும் வந்தால் நல்லது.